மேல்தட்டு

மஹ்பூலா, நான்காம் மாடி, எட்டுப் பேர் அறை.
ஜன்னலோர இரும்புக் கட்டிலின் மேல்தட்டு
எங்கள் இருவருக்கும் பொது.
பகலில் எனக்கு, இரவில் அவனுக்கு,
வாடகை ஆளுக்குப் பாதி.
மால் ஒன்றில் நான் இரவுக் காவல்.
அவனுக்கு லாண்டரியில் பகல் வேலை.
வெள்ளிக்கிழமையும் லீவு கிடையாது இருவருக்கும்.
ஒன்றரை வருடம்
முகம் பார்க்காமல் ஒரே போர்வையில் கிடந்தோம்.

ஆனால் அவனைத் தெரியும்.
சுவர்ப்பக்கமாய்க் குழிந்த மெத்தை.
காலை ஏழு மணிக்கு நான் ஏறிப் படுக்கும்போது
இன்னும் ஆறாத சூடு.
தலையணை உறை மட்டும்
இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல்.
முதல் தடவை பார்த்தபோது
அறை மாறி வந்துவிட்டேனோ என்று வெளியே போய்
நம்பர் பார்த்தேன்.

ஏப்ரலில் தெருமுனைக்குக் கம்பிவேலி வந்தது.
மாலைப் பூட்டினார்கள். லாண்டரியையும்.
அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு
கட்டிலின் இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம், செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, ஒருவன்.
"நீதானா?" என்றேன்.
"நுவ்வேனா?" என்றான்.

ஓபுலேசு. கடப்பா பக்கம்.
அந்தக் குழியை வைத்து
ஆறடி என்று கணக்குப் போட்டிருந்தேன்.
என் தோளுக்குத்தான் வந்தான்.

இரவைக் கிழித்துப் பங்கு வைத்தோம்:
எட்டிலிருந்து இரண்டு வரை அவன்,
இரண்டிலிருந்து எட்டு வரை நான்.
மிச்ச நேரம் மாடிப்படி.
படியிலும் இடம் சும்மா கிடைத்துவிடாது.
கீழேயிருந்து ஏழாவது படி ஒரு எகிப்துக்காரருக்கு,
அங்கேதான் அவருக்கு சிக்னல் எடுக்கும்.
ஒன்பதாவது எனக்கு.
கடல் இரண்டு தெரு தள்ளித்தான்.
வேலிக்கு வெளியே அது பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது.

மனைவி போனில் கேட்டாள், சம்பளம் வந்ததா என்று.
பாதி வந்தது என்றேன்.
அந்தப் பாதியும் வரவில்லை.

யாரோ புண்ணியவான் லாரியில் அரிசி அனுப்பினார்.
சிவில் ஐடி காட்டினால் ஐந்து கிலோ.
வரிசையில் எல்லோரும் நின்றோம்.
ஓபுலேசு மட்டும்
குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான்.
அன்று என் சோற்றில்தான் கை வைத்தான், நானும் கேட்கவில்லை.
ராத்திரி இரண்டு மணிக்கு, தட்டு மாறும்போது,
ஏணியில் பாதி இறங்கிய நிலையில் அவனே சொன்னான்:
அகாமா முடிந்து பதினோரு மாதமாம்.
போலீஸ் கண்ணில் படாமல் இருக்கத்தான்
விடிந்தும் விடியாமலும் வேலைக்குப் போனானாம்.

பொதுமன்னிப்பு அறிவித்தார்கள்.
பெயர் கொடுத்தால் அபராதம் இல்லை, டிக்கெட்டும் இலவசம்,
திரும்பி வரலாம் என்றும் சொன்னார்கள்.
ஒரு தோள்பையோடு பஸ் ஏறினான்.
போகும்போது தலையணை உறையைக் கழற்றித் துவைத்து,
இஸ்திரிப் பெட்டி இல்லாததால்
மெத்தைக்கடியில் வைத்து அழுத்திவிட்டுப் போயிருந்தான்.

ஏதோ பள்ளிக்கூடத்தில் வைத்திருக்கிறார்களாம்.
போன் செய்தான்.
"ஒக்கரிக்கி ஒக மஞ்சம்!"
ஆளுக்கு ஒரு கட்டில்.
சொல்லிவிட்டுச் சிரித்தான், பிறகு இருமினான்,
தூசிதான் என்றான்.
பிளைட் எப்போது என்று கேட்டேன்.
"ரேபு."
ரேபு என்றால் நாளை.
அடுத்த வாரம் கேட்டபோதும் ரேபு.
நோன்புப் பெருநாள் முடிந்து கேட்டபோதும்.

இப்போது மேல்தட்டு முழுக்க எனக்கு.
அறையில் கிண்டல் வேறு, மேல்தட்டு மனிதர் என்று.
சரியாக இரண்டு மணிக்கு விழிப்புத் தட்டுகிறது.
இறங்கிப் போய் ஒன்பதாவது படியில் உட்கார்கிறேன்.
எகிப்துக்காரர் போனிலிருந்து தலை நிமிர்த்தி
கட்டிலைக் காட்டுவதுபோல் மேலே கை காட்டுகிறார்,
தோளைக் குலுக்குகிறார்.

நேற்று வாடகை வாங்க ஆள் வந்தான்.
மாஸ்க்கை மூக்குக்குக் கீழே இறக்கி,
கட்டிலை எட்டிப் பார்த்து,
பாதி காலியாமே, இரவுக்கு ஒருவன் இருக்கிறான்,
எப்போது அனுப்பட்டும் என்று கேட்டான்.

ரேபு என்றேன்.